மகள் ஓட வேண்டும் என்கிறாள்: நாற்காலியிலிருந்து தொடங்குவோம்

சுங்கை சிப்புட் பக்கமிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகளுக்கு 13 வயது, படிவம் ஒன்று. முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறந்தவள். மருத்துவர்கள் ஸ்பைனா பைஃபிடா என்கிறார்கள். சின்ன வயதிலிருந்தே சக்கர நாற்காலிதான். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடமும் முதல் மூன்று இடத்துக்குள் வந்தவள். பாரிஸ் பாராலிம்பிக்கில் சக்கர நாற்காலி ஓட்டத்தைப் பார்த்த நாளிலிருந்து "நானும் அப்படி ஓடணும்" என்கிறாள். பாட்டியும் மாமாவும் "இருக்கிற படிப்பும் கெட்டுப் போகும்" என்கிறார்கள். பள்ளியிலோ உடற்கல்வி நேரத்தில் அவளை நிழலில் உட்கார வைத்து, மற்றவர்களின் தண்ணீர் போத்தல்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எங்கே தொடங்குவது?

சகோதரி, ஓடலாம், படிக்கவும் செய்யலாம். நான் பள்ளிகளில் 20 வருடத்துக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். கடைசிப் பத்து வருடம் சாயங்காலங்களில் நாற்காலிப் பிள்ளைகளோடு திடலில் நின்றவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பெற்றோர் எல்லோரும் முதலில் கேட்பது பந்தய நாற்காலி எங்கே கிடைக்கும் என்றுதான். அதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். முதலில் அவள் இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலி, அடுத்தது பள்ளிக் கழிப்பறை, அப்புறம் அவள் வகுப்பு எந்த மாடியில் என்பது. இந்த மூன்றும் சரியில்லாமல் திடலுக்கு வந்த பிள்ளைகள் ஆறு மாதத்துக்கு மேல் தாக்குப் பிடித்து நான் பார்த்ததில்லை. படிப்பில் பின்தங்கியதற்கும் இதே மூன்றுதான் காரணமாக இருந்தன.

நாற்காலியைப் பார்ப்போம். நம் பக்கத்தில் பெரும்பாலான பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது மருத்துவமனை வராந்தாவில் நோயாளியைத் தள்ளிக்கொண்டு போகும் நாற்காலி. மடக்கு இரும்புச் சட்டம், தொங்கும் ரெக்சின் இருக்கை, பதினைந்து கிலோவுக்கு மேல் எடை. யாரோ ஒரு சங்கம் தீபாவளிக்கு அன்பளிப்பாகக் கொடுத்ததாக இருக்கும். கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள், ஆனால் யாரும் அளவு எடுத்திருக்க மாட்டார்கள். வளரும் என்று பெரிய சட்டை தைப்பது போல, வளரும் என்று பெரிய நாற்காலி. இருக்கை அகலமாக இருந்தால் பிள்ளை ஒரு பக்கமாகச் சரிவாள். ஏற்கெனவே முதுகு வளையும் ஆபத்து உள்ளவளுக்கு அது கூடும். கை சக்கரத்துக்கு எட்டாமல் தோளைத் தூக்கித் தூக்கித் தள்ளுவாள்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். உட்கார்ந்த நிலையில் இடுப்பின் அகலமான இடத்தை அளந்து, அதோடு ஓரிரு சென்டிமீட்டர் கூட்டினால் அதுதான் இருக்கையின் அகலம். கையைத் தளர்வாகத் தொங்கவிட்டால் நடுவிரல் நுனி சக்கரத்தின் அச்சைத் தொட வேண்டும். சக்கரத்தின் வெளிப்பக்கம் பிடித்துத் தள்ளும் கைவளையத்தின் உச்சியைப் பிடிக்கும்போது முழங்கை செங்கோணத்தைவிடக் கொஞ்சம் விரிந்து, 100 முதல் 120 பாகை வரை இருக்க வேண்டும். இவை ஒத்து வரவில்லையென்றால் ஈப்போ பெரிய மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவில் அளவெடுத்து எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தோடு சமூகநல இலாகாவில், அதாவது நம்மூர் வாயில் வரும் கெபாஜிக்கானில், உதவிக் கருவிக்கு விண்ணப்பிக்கலாம். ஓகேயு அட்டை, அதாவது மாற்றுத் திறனாளி அட்டை, இன்னும் எடுக்கவில்லை என்றால் முதலில் அதை எடுங்கள். மருத்துவர் படிவத்தை நிரப்பித் தருவார், பதிவுக்குக் கட்டணம் இல்லை. அட்டையை எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை குத்தியதாகிவிடும் என்று தள்ளிப் போடும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அது இல்லாமல் பாரா விளையாட்டு உட்பட எந்தக் கதவும் திறக்காது.

சரி, இப்போது யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பைனா பைஃபிடா உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சிறுநீர்ப்பை தானாக முழுதும் காலியாகாது. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கத்தீட்டர் குழாய் வைத்து எடுக்க வேண்டும். பள்ளி காலை ஏழரைக்குத் தொடங்கி மதியம் இரண்டு வரை போகிறது. நடுவில் ஓய்வு நேரத்தில் ஒரு தடவை கட்டாயம். ஆனால் கழிப்பறைக் கதவு குறுகலாக இருக்கும், உள்ளே நாற்காலி திரும்பாது, தரை எந்நேரமும் ஈரமாக இருக்கும். பிள்ளை என்ன செய்வாள்? தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். என்னிடம் வந்த பெண்பிள்ளைகளில் பாதிப் பேர் காலை ஆறு மணியிலிருந்து மதியம் வரை சொட்டுத் தண்ணீர் குடிக்காதவர்கள். வெயிலில் பயிற்சிக்கு வந்தால் தலைசுற்றல், மாதம் தவறாமல் காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மருத்துவமனையில் நான்கு நாள். உங்கள் வீட்டுப் பாட்டி பயப்படுகிற "படிப்பு கெட்டுப் போவது" இப்படித்தான் நடக்கிறது. மற்றவர்களின் தண்ணீர் போத்தலைக் காவல் காக்கும் உங்கள் மகள் தன் போத்தலைத் திறக்கிறாளா என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது புண். இதில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். செம்பனைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி, படிவம் மூன்று, நல்ல கை பலம். எங்கிருந்தோ இரவல் வாங்கிய பந்தய நாற்காலியில் அவளை உட்கார வைத்தேன். இருக்கையின் ஓரத்தில் தடித்த தையல் ஒன்று இருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. உணர்ச்சி இல்லாத இடம் என்பதால் அவளுக்கும் தெரியவில்லை. மூன்று நாள் பயிற்சி, மூன்று நாளும் சிரித்துக்கொண்டே போனாள். நான்காம் நாள் குளிக்க வைத்த அம்மாதான் பார்த்தார், ஐம்பது காசு அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. ஏழு வாரம் குப்புறப் படுத்தே கிடந்தாள். கட்டில் விளிம்பில் தலையை நீட்டி, கீழே ஸ்டூலில் புத்தகத்தை வைத்து ஆண்டிறுதிச் சோதனைக்குப் படித்தாள். நான் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனபோது அந்த அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அன்றிலிருந்து எந்தப் புது இருக்கையிலும் முதல் நாள் பத்தே நிமிடம்தான். இறங்கியதும் தோலைப் பார்க்க வேண்டும். சிவப்பு அரை மணி நேரத்தில் மறையவில்லையென்றால் அந்த இருக்கையைத் திருத்தும்வரை தொடக்கூடாது. தினமும் இரவு ஒரு கைக்கண்ணாடியை வைத்து அவளே தன் தோலைப் பார்க்கப் பழக்குங்கள். 13 வயதில் அதை அம்மா பார்ப்பது அவளுக்குப் பிடிக்காது, அதில் நியாயமும் இருக்கிறது.

இன்னொன்று, ரப்பர். பால்மரத்தை நம்பிப் பிழைத்த சனம் நாம், ஆனால் இந்தப் பிள்ளைகளில் பலருக்கு ரப்பர் பால் ஒவ்வாது. குழந்தையிலிருந்து அடிக்கடி அறுவை சிகிச்சை, குழாய், கையுறை என்று பட்டுப் பட்டு அந்த ஒவ்வாமை வருகிறது. பலூன் ஊதினால் உதடு வீங்குகிறதா, கையுறை பட்ட இடம் தடிக்கிறதா என்று கவனியுங்கள். பயிற்சிக்கு நாம் சட்டென்று எடுப்பது ரப்பர் பட்டைதான். அதனால் ரப்பர் பால் கலக்காத பட்டையாகவும், சிலிக்கோன் குழாயாகவும் பார்த்து வாங்க வேண்டும். ரப்பர் ஒவ்வாத சிலருக்கு வாழைப்பழமும் ஒவ்வாது. விளையாட்டுப் பிள்ளை என்றாலே கையில் வாழைப்பழம் கொடுக்கும் நம் வழக்கத்துக்கு இது கொஞ்சம் இடைஞ்சல்தான். மூளையில் நீர் வடிய ஷன்ட் என்ற குழாய் வைத்திருந்தால் அதையும் பயிற்றுநரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். விடாத தலைவலியும் வாந்தியும் வந்தால் வெயில் என்று விட்டுவிடாமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இவ்வளவு நேரம் மருத்துவம் பேசுகிறேனே என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். பாராலிம்பிக்கைத் தொடங்கி வைத்த டாக்டர் லுட்விக் குட்மனும் இங்கிருந்துதான் ஆரம்பித்தார். இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு அடிபட்ட படைவீரர்கள் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் செத்துக்கொண்டிருந்த காலம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவர்களைப் புரட்டிப் படுக்க வைப்பதும் சிறுநீர்ப்பையைப் பார்ப்பதும்தான் அவர் முதலில் செய்த வேலை. அவர்கள் பிழைத்து எழுந்து உட்கார்ந்த பிறகுதான் விளையாட்டு. லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய 1948 ஜூலை 29 அன்று, அதே நாளில் 16 பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். அதற்கு ஆறு வாரம் முன்னால், ஜூன் 16-இல், உங்கள் சுங்கை சிப்புட் தோட்டங்களில் துரைமார் மூவர் சுடப்பட்டு நாட்டில் அவசரகாலம் வந்தது. பாட்டிக்கு அவசரகாலக் கதை தெரிந்திருக்கும். இந்த விளையாட்டுக்கும் அதே வயதுதான் என்று சொல்லிப் பாருங்கள்.

பள்ளிக்கு வருவோம். நம் இடைநிலைப்பள்ளிகள் மூன்று நான்கு மாடி, மின்தூக்கி கிடையாது. பிள்ளையை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போக ஆள் போடுவதைவிட வகுப்பையே தரைத்தளத்துக்கு மாற்றச் சொல்வது எளிது. அறிவியல் கூடமும் நூலகமும் மேலே இருந்தால் அதற்கும் மாற்று கேளுங்கள். 2008-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டத்தில் 28-ஆம் பிரிவு கல்வியையும் 32-ஆம் பிரிவு விளையாட்டையும் பேசுகின்றன. 2019-இலிருந்து எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கையும் கல்வி அமைச்சிடம் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தில் மீறியவருக்குத் தண்டனை என்று எதுவும் இல்லை. அதனால் பிரிவு எண்ணைக் கடிதத்தில் எழுதுங்கள், நேரில் பேசும்போது தலைமையாசிரியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அடுத்த ஆண்டுக்கான வகுப்பறைகளை ஒதுக்குவதற்கு முன்னால் போவது முக்கியம், ஒதுக்கிய பிறகு போனால் "அடுத்த வருடம் பார்ப்போம்" என்பார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் பேச்சு வேகமாக நகரும். சிறப்புத் தேவை மாணவராகப் பதிவாகியிருந்தால் மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை உண்டு, அதையும் விசாரியுங்கள்.

உடற்கல்வி ஆசிரியரிடம் "அவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் அவருக்கு என்ன செய்வது என்று தெரியாது. அவரைக் குறை சொல்ல முடியாது, நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் முழித்தேன். குறிப்பாகச் சொல்லுங்கள்: மற்றவர்கள் திடலை ஒரு சுற்று ஓடும்போது அவள் கூடைப்பந்துத் திடலின் சிமெண்டுத் தரையில் பத்துச் சுற்று தள்ளட்டும், நேரத்தைக் குறித்து வையுங்கள். புல் தரையில் தள்ளுவது மணலில் சைக்கிள் மிதிப்பது மாதிரி, தோள்தான் போகும். பந்து எறிவது, இலக்கில் போடுவது எல்லாம் உட்கார்ந்தே செய்யலாம்.

இப்போது எந்த விளையாட்டு என்ற கேள்வி. அவள் ஓட்டம் என்கிறாள். ஆசையைக் கெடுக்க மாட்டேன், ஆனால் முதல் வருடம் எறிதலில் இறக்குவேன். செலவுதான் காரணம். குண்டு, வட்டு, ஈட்டி மூன்றையும் உட்கார்ந்து எறிவதற்கு ஒரு சட்டம் வேண்டும், ஓர் உயரமான இரும்பு ஸ்டூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெத்தையோடு சேர்த்து 75 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் இருக்கக்கூடாது, இருக்கையின் எந்தப் பக்கமும் 30 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வைக்கலாம், அது வளைந்து தள்ளிக்கொடுக்காத ஒரே துண்டாக இருக்க வேண்டும். நம் பட்டணத்தில் லோரி ஒட்டுப் போடும் வெல்டிங் பட்டறையில் ஒரு நாள் வேலை. நாங்கள் செய்ததற்குப் பட்டறைக்காரர், ஒரு சீனத் தௌக்கே, இரும்புக்கு மட்டும் காசு வாங்கினார். பிறகு மூன்று வருடம் ஒவ்வொரு முறையும் என்னைப் பார்க்கும்போது "எவ்வளவு தூரம் போட்டாள்?" என்று கேட்பார். எறியும்போது இடுப்பும் தொடையும் இருக்கையைவிட்டு எழும்பக்கூடாது என்பதுதான் முக்கிய விதி, அதனால் பட்டையால் இறுக்கிக் கட்டுவோம். அந்தப் பட்டையின் கீழும் தோலைப் பாருங்கள்.

எறிதலில் வளரும் தோள்பட்டைதான் பிறகு ஓட்டத்துக்கும் பயன்படும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நாற்காலிப் பிள்ளைகள் நாள் முழுதும் தள்ளுகிறார்கள், இழுப்பதே இல்லை. முன் தசை இறுகிப் பின் தசை தளர்ந்து தோள் முன்னால் வந்துவிடும். தள்ளும் பயிற்சி ஒன்றுக்கு இழுக்கும் பயிற்சி இரண்டு என்று கணக்கு வையுங்கள். ஜன்னல் கம்பியில் பட்டையைக் கட்டிப் படகு துடுப்பு வலிப்பது போல இழுத்தால் போதும்.

சரி, பந்தய நாற்காலி. மூன்று சக்கரம், முன்சக்கரம் நீண்டு வெளியே நிற்கும். பின்சக்கரம் டயரோடு 70 சென்டிமீட்டரையும் முன்சக்கரம் 50-ஐயும் தாண்டக்கூடாது. பல்சக்கரம், கியர் எதுவும் கிடையாது, கை பலம் மட்டும்தான். கைவளையத்தைப் பிடித்துத் தள்ளுவதில்லை. கடினமான கையுறை போட்டு, மேலிருந்து கீழே குத்துவது போல் அடித்துச் சுழற்றிவிடுகிறார்கள். ஓடுபாதையின் வளைவில் திருப்ப ஒரு சின்ன விசை இருக்கும், வளைவு தொடங்கும்போது ஒரு தட்டு, முடியும்போது இன்னொரு தட்டு. 800 மீட்டரிலிருந்து தலைக்கவசம் கட்டாயம். விலை ஒரு புது மோட்டார் சைக்கிளைத் தாண்டும். அதுவும் உடம்பின் அளவுக்குச் செய்தது. 13 வயதில் வாங்கினால் 15-இல் பத்தாது. ஆகவே இப்போதைக்கு இரவல்தான் வழி. ஆனால் என் கதையை நினைவில் வையுங்கள், இரவல் என்றால் இருக்கையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு உட்கார வையுங்கள்.

இரவல் யாரிடம் கிடைக்கும்? பேராக் மாநில விளையாட்டு மன்றத்தில் பாரா விளையாட்டை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டு நேரில் போங்கள். ஈப்போ உங்களுக்கு முப்பது கிலோமீட்டர்தான். மாற்றுத் திறனாளிகளுக்காக மாநிலங்கள் மோதும் பாரா சுக்மா போட்டி 2018-இல் பேராக்கில்தான் நடந்தது, 2024-இல் சரவாக்கில். மாநிலங்கள் அந்தப் போட்டிக்கு இளம் ஆட்களைத் தேடிக்கொண்டே இருக்கும், அதிலும் பெண்பிள்ளைகள் குறைவு. வெறுங்கையோடு போகாமல், மூன்று மாதம் எழுதி வைத்த நேரக் குறிப்பையும் எறிந்த தூரத்தையும் கொண்டு போங்கள். பிறகு வகைப்பாடு, அதாவது எந்தப் பிரிவில் போட்டியிடுவாள் என்று முடிவு செய்வது, நடக்கும். கை முழு பலத்தோடும் இடுப்புக்கு மேல் உடல் எவ்வளவு கட்டுப்பாட்டோடும் இருக்கிறது என்று பார்த்து, ஓட்டத்தில் பெரும்பாலும் டி53 அல்லது டி54 என்று போடுவார்கள். எறிதலுக்கு எஃப் வரிசை. அங்கே தன் பலத்தைக் குறைத்துக் காட்டச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது பெரிய குற்றம், தடை விதிப்பார்கள்.

படிப்பைப் பற்றி மாமாவுக்கு ஒரு கணக்கு. அரசுப் பல்கலைக்கழக நுழைவு மதிப்பெண்ணில் 90 விழுக்காடு பாடம், 10 விழுக்காடு புறப்பாடம். நாற்காலியில் இருக்கும் பிள்ளைகள் அந்தப் பத்தில்தான் வழக்கமாகக் கோட்டை விடுகிறார்கள், எந்தச் சங்கத்திலும் பொறுப்பு கொடுக்காமல் உட்கார வைத்துவிடுவதால். மாநில அளவில் ஒரு சான்றிதழ் அந்த ஓட்டையை அடைக்கும். வாரம் மூன்று நாள், முக்கால் மணி நேரம், அதற்கு மேல் இப்போது வேண்டாம். மாலை ஐந்தே முக்காலுக்குப் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். டியூஷன் நாளில் பயிற்சி வேண்டாம். தேர்வு மாதத்தில் ஒரு நாளாகக் குறைக்கலாம், முழுதாக நிறுத்தாதீர்கள். தலையில் நீர் கோத்த வரலாறு உள்ள பிள்ளைகளுக்குச் சில சமயம் வாசிப்பு நன்றாக வரும், கணக்கிலும் நேரத்தைத் திட்டமிடுவதிலும் தடுமாற்றம் வரும். அப்படி இருந்தால் சோம்பல் என்று திட்டாமல் கால அட்டவணையைச் சுவரில் ஒட்டிக் கொடுங்கள்.

நேரம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. தோக்கியோ பாராலிம்பிக்கில் நம் முகமது ஸியாட் குண்டு எறிதலில் முதலாவதாக வந்தும், அழைப்பு அறைக்குத் தாமதமாக வந்தார் என்று தங்கம் போய்விட்டது. நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் திறமை குறித்த நேரத்துக்கு அரை மணி முன்னால் வந்து நிற்பது. நாற்காலியை வண்டியில் ஏற்றி இறக்கவே பத்து நிமிடம் போகும்.

காசு வருமா என்று யாராவது கேட்டால், 2016-இல் ரியோவில் ரிட்ஸுவான் புசி நாட்டுக்கு முதல் பாராலிம்பிக் தங்கத்தை வாங்கியபோது ஒலிம்பிக் வீரருக்குச் சமமாகப் பத்து லட்சம் ரிங்கிட் பரிசு. நல்ல விஷயம்தான், ஆனால் அந்தத் தொகையைப் பிள்ளையின் காதில் போடாதீர்கள். நம் ஆட்களில் யாராவது இருக்கிறார்களா என்று அவள் கேட்டால் நாட்டுக்காகப் பளு தூக்கிய மாரியப்பன் பெருமாளைச் சொல்லுங்கள். அதே ரியோவில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கிய சேலத்துக்காரர் மாரியப்பன் தங்கவேலு. இந்தப் பெயரில் ஏதோ இருக்கிறது போல.

கடைசியாக ஒன்று, கொஞ்சம் கடுமையாகத் தோன்றலாம். அவள் திடலுக்கு வந்த சேதி பரவியதும் கோவில் திருவிழா மேடையில் மாலை போட, பொன்னாடை போர்த்த ஆட்கள் வருவார்கள். "இந்த நிலைமையிலும்" என்று தொடங்கும் பேச்சு ஒன்று இருக்கும். ஒரு போட்டியாவது ஓடி முடிக்கும்வரை வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். கடைசியாக வந்தால் கடைசியாக வந்தாள் என்று வீட்டில் பேசுங்கள், மற்ற பிள்ளைகளிடம் பேசுவது போல.

இந்த வாரம் செய்ய வேண்டியது: தையல் அளவு நாடா, ஒரு நோட்டுப் புத்தகம், கைபேசி. இடுப்பு அகலம், இருக்கை அகலம், நடுவிரலுக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளி. பக்கவாட்டில் நின்று அவள் இருபது மீட்டர் தள்ளுவதை ஒரு வீடியோ எடுங்கள். பள்ளிக் கழிப்பறைக் கதவை அவளையே அளந்து வரச் சொல்லுங்கள். இந்த எண்களை இதே கேள்வியின் கீழ் போடுங்கள், மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டிய கடிதத்தை எப்படி எழுதுவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.